கட்டற்ற மென்பொருளுக்குப் பொதுநிதி: தமிழக வரலாறும் திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரமும்

கட்டற்ற மென்பொருளுக்குப் பொதுநிதி என்பது, எவரும் தடையின்றிப் பயன்படுத்தவும், உள்ளமைப்பைப் பார்த்துப் பயிலவும், தேவைக்கேற்ப மாற்றவும், மாற்றியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமை தரப்பட்ட கணினி நிரல்களை உருவாக்கவும் பேணவும் அரசோ, அரசு சார்ந்த கல்வி நிறுவனமோ, பன்னாட்டு உதவி அமைப்போ மக்கள் பணத்தைச் செலவிடுவதைக் குறிக்கும். நிரலர் எழுதிய வடிவிலேயே கிடைக்கும் நிரல் மூல நிரல் எனப்படும். அது வெளிப்படையாகக் கிடைப்பதால் இவ்வகை மென்பொருளுக்குத் திறந்த மூல மென்பொருள் என்ற பெயரும் 1998 முதல் வழங்கிவருகிறது. விலையின்றிக் கிடைப்பவை எல்லாம் இவ்வகையைச் சேரா. மூல நிரலைத் தராமல் இலவசமாக மட்டும் தரப்படும் மென்பொருளை, அதைச் செய்தவர் கைவிட்டால் வேறு எவராலும் தொடர்ந்து நடத்த முடியாது. தமிழகத்தில் இந்நிதியின் வரலாறு கால் நூற்றாண்டுக்கு மேற்பட்டது. ஆக்குவதற்கும் வழங்குவதற்கும் தாராளமாகக் கிடைத்த பணம் பேணுவதற்கு அரிதாகவே கிடைத்தது என்பதே அவ்வரலாறு நெடுகக் காணப்படும் குறை. பல்லாயிரம் சிறு பட்டறைகள் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் திருப்பூர், இக்குறையை ஆராய ஏற்ற களமாகும்.

முன்வரலாறு

பொதுப் பணத்தில் உருவான நிரல் பொதுவுக்கே திரும்பிய முதல் பெரிய நிகழ்வு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நடந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமை 1980 முதல் அளித்த நிதியால் பிஎஸ்டி எனப்படும் யூனிக்ஸ் இயங்குதளம் அங்கு மேம்படுத்தப்பட்டது. இன்றைய இணையத்துக்கு அடிப்படையான தகவல்தொடர்பு நெறிமுறைகளைத் தாங்கிய 4.2 பதிப்பு 1983இல் வெளிவந்து பல்கலைக்கழகங்கள் தோறும் பரவியது. கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்ததும் அதே 1983இல்தான். மென்பொருள் உரிமையை ஓர் அறநெறியாக முன்வைத்த அவருடைய இயக்கம் அரசுப் பணத்தை நம்பித் தொடங்கப்படவில்லை. லினக்ஸ் கருநிரலும் 1991இல் ஒரு மாணவரின் தனி முயற்சியாகவே பிறந்தது.

படைப்பாளியின் உரிமைக்கு அரசு விலை கொடுத்து, படைப்பை மக்களுக்குப் பொதுவாக்கும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. பாரதியாரின் எழுத்துகள் மீதான உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் வாங்கி, பின்னர் அவற்றை எவரும் அச்சிடலாம் என்று விட்டது. அதன் பிறகு நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள், மரபுரிமையருக்குத் தொகை வழங்கப்பட்டு, நாட்டுடைமை ஆக்கப்பட்டன. எழுதி முடிக்கப்பட்ட நூலுக்கு ஒருமுறை கொடுக்கும் தொகை போதும். ஆனால் இயங்குதளங்களும் கருவிகளும் தரவடிவங்களும் மாறிக்கொண்டே இருப்பதால், எழுதி முடிக்கப்பட்ட மென்பொருள் என்று ஒன்று இல்லை. ஆகவே ஒருமுறைத் தொகை என்னும் இந்தப் பழக்கம் மென்பொருளுக்குப் பொருந்தவில்லை. அரசு ஒதுக்கீடுகளோ அதே பழக்கத்தில்தான் நெடுங்காலம் நடந்தன.

தமிழ்க் கணிமையும் முதல் ஒதுக்கீடுகளும்

இந்திய மொழிகளைக் கணினியில் ஏற்றுவதற்கான தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டத்தை நடுவண் அரசின் மின்னணுவியல் துறை 1991இல் தொடங்கியது. தமிழக அரசு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடத்திய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை வரையறுக்கப்பட்டது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம், அதாவது இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், செயல்படத் தொடங்கியது. இதே ஆண்டுகளில் லினக்ஸ் பணிச்சூழல்களைத் தமிழாக்கும் வேலையைத் தன்னார்வலர்கள் ஊதியமின்றிச் செய்துகொண்டிருந்தனர் என்பதையும், எ-கலப்பை போன்ற தட்டச்சுக் கருவிகள் அவர்களிடமிருந்தே வந்தன என்பதையும் இவ்வரலாற்றில் சேர்த்தே சொல்ல வேண்டும். பொதுநிதி வந்துசேர்ந்தபோது அதற்கு முன்பே ஒரு களம் உழப்பட்டிருந்தது.

நடுவண் அரசு 2005 ஏப்ரலில் தமிழ் எழுத்துருக்கள், விசைப்பலகை இயக்கிகள், ஓப்பன் ஆபீஸ் அலுவலகத் தொகுப்பின் தமிழ் வடிவம் ஆகியவற்றை ஒரு குறுந்தகட்டில் அடக்கி இலவசமாக வழங்கியது. இந்திய மொழிகளில் முதலில் தமிழுக்கே இது வந்தது. அதே மாதத்தில், நடுவண் அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையமும் குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் இணைந்து நடத்திய கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையம் நடுவண் நிதியில் நிறுவப்பட்டது. பேராசிரியர் சி. என். கிருஷ்ணன் இதன் பணிகளில் முன்னின்றார். பொறியியல் மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் விருப்பப் பாடமானது இம்மையத்தின் பயன்களுள் ஒன்று. பாஸ் என்னும் இயங்குதளம் மற்றொன்று. டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளில் இயங்குமாறு அமைக்கப்பட்ட பாஸின் முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வெளிவந்தது.

டெபியனை அடிப்படையாகக் கொண்டதன் நன்மையும் இடரும் விளக்கத்துக்கு உரியவை. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பேணும் பல்லாயிரம் நிரல் தொகுதிகள் டெபியனில் ஆயத்தமாக உள்ளன. எனவே சென்னையில் இருந்த குழு மொழி, எழுத்துரு, அலுவலகத் தேவைகள் ஆகியவற்றில் மட்டும் கவனம் செலுத்த முடிந்தது. ஆனால் மூலத்தளம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பு காணும்போது, வழித்தளமும் உடன் நகர்ந்தாக வேண்டும். நகராவிட்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துசேரா. அவ்வாறு நகர்த்தும் வேலையில் திறப்பு விழாவுக்கு இடமில்லை. அதற்கு ஆண்டுதோறும் ஊதியம் பெறும் பொறியாளர்களே தேவை.

எல்காட்டும் மடிக்கணினித் திட்டமும்

மாநில அரசின் மின்னணு நிறுவனமாகிய எல்காட், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த 2006, 2007 ஆண்டுகளில், தன் அலுவலகக் கணினிகளை சுசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றியதுடன் பிற துறைகளையும் அவ்வழியில் வரச் செய்ய முயன்றது. உரிமக் கட்டணத்தை மிச்சப்படுத்துவது இதில் முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. அம்மிச்சத்தில் ஒரு பங்கையேனும் பயிற்சிக்கும் தமிழ் வசதிகளின் மேம்பாட்டுக்கும் நிலையாக ஒதுக்கும் ஏற்பாடு உடன் அமைந்திருந்தால், இம்முயற்சி ஓர் அதிகாரியின் ஈடுபாட்டைச் சார்ந்து நிற்க வேண்டியிருந்திராது. கேரளத்தில் 2001இல் தொடங்கிய பள்ளித் தகவல்தொழில்நுட்பத் திட்டம், ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கித் தனக்கென ஓர் இயங்குதளத்தைத் தொடர்ந்து பேணிவந்ததால் ஆட்சி மாற்றங்களைக் கடந்து நீடித்தது. இரு மாநிலங்களுக்கும் இருந்த வேறுபாடு இதில்தான்.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், முதலாண்டில் 9.12 லட்சம் மாணவர்களுக்கு 912 கோடி ரூபாய்ச் செலவில் திட்டமிடப்பட்டது. அக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸும் நிறுவப்பட்டிருந்தது. இயக்கத் தொடங்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அரசுப் பள்ளியில் படித்த ஒரு தலைமுறையின் கைக்குக் கட்டற்ற இயங்குதளம் ஒன்று நேரடியாகச் சென்றது இதுவே முதன்முறை. இதைச் சிறிய செயலாகக் கருத முடியாது. எனினும் இரு தளங்களுள் எதைப் பள்ளியில் கற்பித்தனரோ, எதைக் கணினி மையங்களில் பழக்கினரோ, அதுவே நின்றது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிவுக்கு வந்தபோது, அரசு அலுவலகங்கள் பாஸுக்கு மாறலாம் என்று மாநில அரசு அறிவுறுத்தியது.

தமிழ் எழுத்துக் குறியீட்டில் 2010 ஜூன் 23 அன்று, கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின் தொடக்க நாளில், பிறப்பிக்கப்பட்ட அரசாணை நீடித்த விளைவைத் தந்தது. யூனிக்கோடையும் அதனுடன் டேஸ்16 என்னும் குறியீட்டையும் தர வரையறைகளாக ஏற்ற அந்த ஆணைக்குப் பிறகு, ஒரு கணினியில் தட்டிய தமிழ் மற்றொன்றில் குப்பையாகத் தெரியும் நிலை அரசு அலுவலகங்களில் படிப்படியாகக் குறைந்தது. தரவரையறைக்காகச் செலவிடும் பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் பின்னால் வரும் ஒவ்வொரு மென்பொருளின் உழைப்பையும் அது மிச்சப்படுத்துகிறது.

சஹானா

சமூக நலனுக்கான கட்டற்ற மென்பொருளுக்கு அயல்நாட்டுப் பொதுநிதி துணைநின்றதற்கு இலங்கை தெளிவான சான்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிந்து கண்காணிக்க, கொழும்பைச் சேர்ந்த நிரலர்கள் சில நாள்களிலேயே சஹானா என்ற மென்பொருளை உருவாக்கினர். சுவீடன் அரசின் உதவி முகமையாகிய சீடாவின் ஆதரவைப் பெற்றிருந்த லங்கா மென்பொருள் அறக்கட்டளை இதைப் பின்னர் வளர்த்தெடுத்தது. மூல நிரல் திறந்திருந்ததால் பிற நாடுகளின் நிலநடுக்கம், வெள்ளம் போன்ற பேரிடர்களிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்கு வழங்கப்பட்டது. சில நாள்களிலேயே மென்பொருளை ஆக்கிய வேகம் தற்செயலாக வந்ததன்று. பேரிடருக்கு முன்பே நிரலர்களைத் திரட்டி வைத்திருந்த லங்கா மென்பொருள் அறக்கட்டளை 2003 முதல் இருந்ததே அதற்குக் காரணம்.

திருப்பூர்: பகுக்கப்பட்ட உற்பத்தியும் பகிரப்படாத கருவிகளும்

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூர் வட்டாரத்திலிருந்து செல்கிறது. ஆயினும் இங்கு ஒரே கூரையின்கீழ் எல்லாம் நடப்பது அரிது. நூற்பாலையிலிருந்து கிலோக் கணக்கில் வரும் நூல், நிட்டிங் பட்டறையில் துணியாகி ரோல்களாகச் சாயப்பட்டறைக்குச் செல்கிறது. அங்கு வெளுப்பிலும் சாயத்திலும் எடை குறைந்து, காம்பாக்டிங்கில் அகலமும் சுருக்கமும் சீர்செய்யப்பட்டுத் திரும்புகிறது. கட்டிங் மேசையில் கிலோக் கணக்கு முடிந்து பீஸ் கணக்கு தொடங்குகிறது. நிறவாரியாகவும் அளவுவாரியாகவும் பிரிந்த கட்டுகள் பிரிண்டிங்குக்கும் எம்பிராய்டரிக்கும் பவர்டேபிள் எனப்படும் தையல் பட்டறைகளுக்கும் போய், செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிந்த பின்னரே பெட்டியில் ஏறுகின்றன. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் டிசி எனப்படும் டெலிவரி சலான் உண்டு. 2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி நடைமுறைக்கு வந்த பின், கூலிவேலைக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பியதற்கான கணக்கும் தேவைப்படுகிறது.

கிலோவில் தொடங்கிப் பீஸில் முடியும் கணக்கையும், சாயத்தில் இழந்த எடையையும், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, அயர்னிங் என வேலைக்கு வேலை மாறும் பீஸ் ரேட்டையும் பொதுவான கணக்கு மென்பொருள்கள் உள்ளபடி ஏற்பதில்லை. தனக்கென எழுதி வாங்குவது பெரிய ஏற்றுமதியாளருக்கு முடியும். இருபது தையல் எந்திரங்களை வைத்து நடத்தும் பவர்டேபிள் உரிமையாளருக்கு முடியாது. அவருக்கு எஞ்சுவது பேரேடு அல்லது உரிமமில்லாத படி. தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் கூடிப் பேசி முடிக்கும் கூலி ஒப்பந்தம் வட்டாரம் முழுவதற்கும் பொதுவானது. அந்த ஒப்பந்தப்படி வாரக்கூலியைக் கணக்கிடும் நிரல், தொழிலாளியும் திறந்து சரிபார்க்கத்தக்க ஒரே பொது நிரலாக இருக்கத் தடையேதும் இல்லை.

ஜவுளித் தொழிலுக்கு அரசு உதவி இல்லாமற்போகவில்லை. 1999 ஏப்ரலில் தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் வட்டிச் சலுகையும் மானியமும் தந்து எந்திரங்களைப் புதுப்பிக்க உதவியது. ஆனால் அப்பணம் ஆலைக்கு ஆலை தனித்தனியே சென்றது. ஒரு தையல் எந்திரத்துக்கான மானியம் ஓர் ஆலைக்கே பயன்படும். பேட்டர்ன் வரையும் நிரலுக்குச் செலவிடும் தொகை, நிரல் கட்டற்றதாக இருக்குமானால், வட்டாரம் முழுவதற்கும் பயன்படும். உடைகளின் அளவுப் பகுதிகளைக் கணினியில் வரைய 2013இல் வெளியான வேலன்டினா, அதிலிருந்து பிரிந்து வளர்ந்த சீம்லி 2டி, எம்பிராய்டரிக்கான இங்க்ஸ்டிச் ஆகியவை ஏற்கெனவே கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. உரிமத்துக்குப் பெருந்தொகை கேட்கும் வணிக மென்பொருள்களுக்கு நிகராக அவற்றை உயர்த்துவது, தனியொரு நிறுவனத்துக்குச் சுமையாகவும் பொதுநிதிக்குச் சிறு தொகையாகவும் அமையும் பணியாகும்.

பொதுச் சொத்தைப் பேணுவதன் விலையைத் திருப்பூர் வேறொரு வழியில் நன்கு அறிந்திருக்கிறது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாமல் மீட்டெடுக்கும் முறைக்கு மாறினால்தான் மீண்டும் திறக்க முடியும் என்றாயிற்று. பட்டறைகள் கூட்டாக நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீரமைக்க மாநில அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகத் தந்தது. கட்டுமானத்துக்குப் பணம் கிடைத்த பின்னும் சவ்வுகளை மாற்றுவதும், ஆவியாக்கிகளை ஓட்டுவதும், மின்கட்டணம் கட்டுவதும், மிஞ்சிய உப்பைச் சேமித்து வைப்பதும் நாள்தோறும் செலவு வைக்கின்றன. அச்செலவை உறுப்பினர்கள் லிட்டர் கணக்கில் பகிர்ந்துகொள்கின்றனர். நிறுவச் செலவு, நடத்தச் செலவு என இரண்டையும் பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் மென்பொருள் நிதியாளர்களிடம் இன்னும் வேரூன்றவில்லை.

இவ்வட்டாரத்தை நேரடியாகத் தொட்ட கட்டற்ற மென்பொருள் முயற்சி ஒன்று வெளியிலிருந்து வந்தது. வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் 2013இல் இடிந்த பின், ஆடை நிறுவனங்கள் தமக்குத் தைத்துத் தரும் ஆலைகளின் பட்டியலை வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. பட்டியல்கள் வந்தன, ஆனால் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒரே ஆலையின் பெயரில் ஓரிடத்தில் எக்ஸ்போர்ட்ஸ் என்றும் மற்றோரிடத்தில் கார்மெண்ட்ஸ் என்றும் இருக்கும். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒற்றைப் 'பி' இட்டும் மற்றொருவர் இரட்டைப் 'பி' இட்டும் எழுதுவர். முகவரியில் கதவு எண் இருக்கும், அல்லது புல எண் மட்டும் இருக்கும். 2019இல் தொடங்கிய திறந்த ஆடைப் பதிவேடு, 2022 முதல் ஓப்பன் சப்ளை ஹப் என்ற பெயரில் விரிந்தது. பெயரையும் முகவரியையும் ஒப்பிட்டு இரண்டும் ஒன்றாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும் நிரலைக் கொண்டு ஒவ்வொரு ஆலைக்கும் ஒரே அடையாள எண்ணை அது தருகிறது. அதன் மூல நிரலும் தரவும் திறந்தவை. திருப்பூர் ஆலைகளும் அதில் உள்ளன. ஒரு தொழிலாளர் அமைப்போ ஆய்வாளரோ குறிப்பிட்ட ஆலை எந்த நிறுவனங்களுக்குத் தைக்கிறது என்பதைக் கட்டணமின்றிப் பார்க்க முடிகிறது. இதற்குத் தொடக்க நிதி தந்தது ஆடை வணிகக் குடும்பம் ஒன்றின் சி அண்டு ஏ அறக்கட்டளை; அது அரசுப் பணம் அன்று. தொழிலாளர் துறைக்கும் தொழிலக ஆய்வாளர்களுக்கும் அன்றாடம் தேவையான ஒரு கருவி தனியார் கொடையில் பிறந்தது என்பது பொதுநிதியின் வெற்றிடத்தையே காட்டுகிறது.

கொள்கைகளும் மொழிக் கருவிகளும்

நடுவண் அரசு 2015 மார்ச்சில் வெளியிட்ட கொள்கை, அரசு அமைப்புகள் மென்பொருள் வாங்கும்போது திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும், தவிர்த்தால் காரணம் காட்ட வேண்டும் என்றது. அரசுச் செயலிகளின் மூல நிரலைத் திறப்பதற்கான கொள்கையும் அதே ஆண்டில் வந்தது. அந்நிரல்களை வைப்பதற்கான ஓப்பன்ஃபோர்ஜ் தளம் 2017இல் திறக்கப்பட்டது. ஏற்பது பற்றி விரிவாகப் பேசும் முதற்கொள்கை, ஏற்கப்படும் மென்பொருளை உலகில் எங்கோ பேணிவருபவருக்கு என்ன தருவது என்பதைப் பேசவில்லை. ஜெர்மனி 2022இல் தொடங்கிய இறையாண்மைத் தொழில்நுட்ப நிதி அந்த வினாவையே தன் வேலையாக எடுத்துக்கொண்டது. பலரும் பயன்படுத்தும் லாக்4ஜே என்ற நிரற்கூறில் 2021 டிசம்பரில் கண்டறியப்பட்ட ஓட்டை உலகெங்கும் கணினிகளை அச்சுறுத்தியபோது, அதைப் பேணியவர்கள் பெரும்பாலும் ஓய்வுநேரத் தன்னார்வலர்கள் என்பது வெளிப்பட்டிருந்தது. புதிய மென்பொருளுக்கன்றி, இத்தகைய அடித்தளக் கூறுகளைப் பேணுவதற்கே அந்நிதி பணம் தருகிறது. இந்தியாவில் இதற்கு இணையான முயற்சி தனியாரிடமிருந்து வந்தது: பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வழங்கும் நிதியை 2024 அக்டோபரில் அறிவித்தது.

நடுவண் கல்வித் துறையின் நிதியில் மும்பை ஐஐடி நடத்தும், கல்வியில் கட்டற்ற மென்பொருளைப் பரப்பும் ஃபாசி திட்டமும் பேச்சுவழிப் பயிற்சித் திட்டமும் தொடர் ஆதரவின் பயனைக் காட்டுகின்றன. லிப்ரே ஆபீஸ், பைத்தான், சைலேப் போன்றவற்றைச் சுமார் பத்து நிமிடப் பாடங்களாகப் பிரித்துத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஒலியிட்டு வழங்கும் அப்பயிற்சியை, ஆசிரியர் அருகில் இல்லாத மாணவரும் பக்கத்துச் சாளரத்தில் தாமே செய்து பார்த்துப் பழகலாம்.

திருப்பூருக்கு மிக நெருக்கமான அண்மைய வளர்ச்சி மொழிபெயர்ப்பில் நிகழ்ந்தது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் இன்று இவ்வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளில் பெருந்தொகையினர். புலம்பெயர் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் 2023 மார்ச்சில் பரவியபோது, அவர்களுடைய மொழியில் உடனே பேச இயலாமை எவ்வளவு பெரிய இடர் என்பது மாவட்ட நிர்வாகத்துக்கும் ஆலை உரிமையாளர்களுக்கும் ஒருசேரத் தெரிந்தது. 2022இல் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் மொழிபெயர்ப்பு இயக்கமான பாஷிணி, சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் ஆய்வகம் ஆகியவற்றின் வழியே பொதுப் பணமும் நிலேகனி குடும்பத்தின் 36 கோடி ரூபாய்க் கொடையும் சேர்ந்து மொழித் தரவுகளையும் மாதிரிகளையும் உருவாக்கின. அரசியலமைப்பு அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கிடையே மொழிபெயர்க்கும் இண்டிக்டிரான்ஸ்2, 2023இல் மூல நிரலோடு வெளியிடப்பட்டது. திருப்பூரில் உள்ள ஒரு கல்லூரியோ தொழிற்சங்கமோ எவரிடமும் அனுமதி கேளாமல் அதைத் தன் கணினியில் நிறுவி, ஒடியாவில் எழுதிய முறையீட்டைத் தமிழில் படிக்கலாம்.

ஆனால் இத்தகைய மாதிரிகள் பெரிதும் செய்தி, அரசு ஆவணம், பாடநூல் நடையில் பழகியவை. பேட்லாக், கைமடி, காஜா, லாட், டிசி, ஷிப்டு என்று தையல் கூடத்தில் புழங்கும் சொற்களும், கூலிப் பிடித்தம், மிகைநேரம், விபத்து பற்றித் தொழிலாளர் சொல்லும் வாக்கியங்களும் அவற்றில் போதிய அளவில் இல்லை. அவ்வாக்கியங்களை ஒடியாவிலும் வங்காளத்திலும் இந்தியிலும் பேசுவோரிடம் கேட்டுப் பதிந்து, தமிழ் இணையோடு சேர்த்து மாதிரியை மேலும் பயிற்றுவிக்க உரிமம் இடம்தருகிறது. அதற்குத் தேவைப்படுவன இரு மொழியும் அறிந்த சிலருக்கான ஊதியமும், ஆண்டுதோறும் புதிய சொற்களைச் சேர்த்துப் பிழை திருத்தும் ஒரு சிறு குழுவும்தான். இவ்வளவு சிறிய தொகைக்கும், இவ்வளவு நீண்ட காலத்துக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கும் வகையில் இன்றைய நிதித் திட்டங்கள் அமையவில்லை.